ஆச்சியைப் பற்றி யாரிடம் கேட்பது? மறைந்தவர்களின் நினைவுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் ஆச்சி, வடிக்கக் கவிழ்த்த சோற்றுப் பானையை நிமிர்த்தியதும் முதல் வேலையாக இரண்டு கை சோற்றை ஒரு பித்தளை மூடியில் அள்ளி அடுக்களை மாடத்தில் வைத்துவிடுவாள். சாமிக்கும் காக்காய்க்கும் வைப்பது வேறு. "இது யாருக்கு ஆச்சி?" என்று கேட்டால் "வாரவியளுக்கு" என்பாள். யார் வருவார்கள் என்று சொல்லமாட்டாள். பொழுது சாயும்வரை யாரும் வராவிட்டால் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து ராத்திரி அவளே சாப்பிடுவாள். ஆச்சி போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அவள் பிறந்த ஊர், கல்யாணமான வருஷம், பிள்ளைகள் பிறந்த நட்சத்திரம் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மூடிச் சோறு யாருக்கு என்பதை மட்டும் அவள் இருக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அதைத் தேடப் போய்த்தான் இந்த வேலை எனக்குப் பழக்கமானது. அப்பா காலமான பிறகு ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றி இருப்பவர்களிடம் கேட்டு, எழுதி, குரலைப் பதிந்து வைத்து வருகிறேன். "எங்க தாத்தாவப் பத்தி எழுதணும், எங்கன ஆரம்பிக்க?" என்று சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று இன்று மூன்றாகப் பிரிந்துகிடக்கும் பழைய நெல்லைச் சீமையின் வீடுகளை.

முதலில் ஒரே ஒருவர்

குடும்ப மரம் வரைவதில் தொடங்காதீர்கள். நாற்பது பெயரையும் கோடுகளையும் போட்டு முடிப்பதற்குள் அலுத்துவிடும். பெயர்கள் மிஞ்சும், ஆள் கிடைக்கமாட்டார். யாரை நினைத்தால் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறதோ அவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, யாரிடமும் கேட்பதற்கு முன்னால், உங்களுக்கு ஞாபகம் இருப்பதைப் பத்து வரி எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். அத்தையும் சித்தப்பாவும் சொல்வதைக் கேட்டுவிட்டால் அவர்கள் பார்த்தது உங்கள் ஞாபகத்தோடு கலந்துவிடும். பிறகு எது நீங்கள் கண்ணால் பார்த்தது, எது காதால் கேட்டது என்று பிரிக்க முடியாது.

பத்து வரியில் "அன்பானவர், உழைப்பாளி, எல்லோருக்கும் உதவுவார்" என்று எழுதாதீர்கள். தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி போர்டில் எல்லோருக்கும் அதுதான் எழுதியிருக்கும். பெயரை மறைத்துவிட்டுப் படித்தாலும் இது இன்னார்தான் என்று வீட்டில் ஒருவர் கண்டுபிடிக்கும்படி ஒரு வரி எழுதுங்கள். என் அப்பாவைப் பற்றி நான் முதலில் எழுதியது இது: முடுக்குக்குள் நுழையும்போதே அப்பா ஒரு தடவை இருமுவார். சளி ஒன்றும் இருக்காது. "நான் வந்துட்டேன்" என்று சொல்வதற்குப் பதிலாக அந்த இருமல். அதைக் கேட்டதும் அம்மா எழுந்துபோய் அடுப்பில் பால் வைப்பாள். அவர் போன பிறகும் சில நாள் யாரோ இருமின சத்தம் கேட்டு அம்மா எழுந்துவிட்டாள்.

உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? எய்யா என்றா, ஏட்டி என்றா, வேறு யாருக்கும் தெரியாத பட்டப்பெயரா? கோபம் வந்தால் எந்த வார்த்தை வரும்? கையில் என்ன வாசனை அடிக்கும் – சுண்ணாம்பா, மண்ணெண்ணெயா, பீடித் தூளா, பதனியா? பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவார்? இப்படிப் பத்து வரி சேர்ந்தால் போதும், மேலே போகலாம்.

யாரிடம் போவது

வயதில் மூத்தவரிடம் முதலில். இதில் தயவுதாட்சண்யமே கூடாது. எங்கள் சின்ன ஆச்சி ஒருத்தி, ஆச்சிக்கு நேர் இளையவள், விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தாள். "பொங்கல் கழிச்சு வாரேன் ஆச்சி" என்று போனில் சொல்லியிருந்தேன். மாசியில் போய்விட்டாள். அவளோடு போனது எவ்வளவு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லவேளை, அவளுக்கும் இளையவள் இன்னொருத்தி இருக்கிறாள்.

சொந்தக்காரர்கள் மட்டும் போதாது. ஒரே வளவில் குடியிருந்தவர்கள், மில்லில் கூட ஷிப்ட் பார்த்தவர், சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றின அக்காமார், தினமும் பால் ஊற்றியவர், கடைத்தெருவில் பற்று வைத்த கடைக்காரர் – இவர்கள் பார்த்த ஆள் வேறு. வீட்டில் வாயே திறக்காத என் தாத்தா, டீக்கடையில் இலங்கை வானொலி கேட்டுக்கொண்டு கூடப் பாடுவார் என்று அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னபோது என் சித்தப்பா நம்பவே இல்லை. மும்பை தாராவிக்குப் பிழைக்கப் போன சொந்தம் இல்லாத நெல்லை வீடு குறைவு. அங்கே இருப்பவர்களைக் கட்டாயம் கேளுங்கள். ஊரைவிட்டுப் போனவர்கள், போன அன்றைக்கு ஊர் எப்படி இருந்ததோ அப்படியே மனதில் வைத்திருக்கிறார்கள்.

எப்படி உட்கார்வது, என்ன கேட்பது

மத்தியானம் சாப்பிட்டதும் போய் நிற்காதீர்கள், பெரியவர்களுக்குக் கண் சொருகும். நாலு மணிக் காபி குடித்த பிறகு, தார்சாவிலோ திண்ணையிலோ, டிவி ஓடாத நேரம் பார்த்துப் போங்கள். பல் இல்லாதவர்களும் சாப்பிடும்படி ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். போன உடனே நோட்டை எடுத்தால் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் அரைமணி நேரம் அவர்களுடைய மூட்டுவலியைக் கேளுங்கள்.

"அவிய எப்படிப்பட்டவிய?" என்று கேட்டால் "தங்கமானவிய" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு நின்றுவிடும். குறுகலான கேள்வியாகக் கேளுங்கள். "தாத்தா சம்பளம் வாங்கின அன்னைக்கு வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வருவாவ?" "ஆச்சி யாரு கூடச் சண்டை போடுவா?" "வெள்ளம் வந்தப்போ எதத் தூக்கிட்டு ஓடினா?" ஒரு கேள்விக்கு ஒரு காட்சி கிடைக்கும். அந்தக் காட்சிக்குள் நுழைந்து அடுத்ததைக் கேளுங்கள். பதில் வராமல் அவர்கள் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நல்லதெல்லாம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். நான் முதல் வருஷம் முழுவதும் அந்த இடத்தில் அடுத்த கேள்வியைப் போட்டுக் கெடுத்திருக்கிறேன்.

கேள்வியைவிடப் பலன் தருவது ஒரு பொருள். பாக்குவெட்டி, வெற்றிலைச் செல்லம், கண்ணாடிக்கூடு, தேய்ந்துபோன பத்தமடைப் பாய், பனையேறியின் பாளை அரிவாள், பீடி இலை வெட்டிய கத்தரி – எது இருக்கிறதோ அதை எடுத்துப்போய் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் பெரியம்மையிடம் அவள் அம்மாவின் பீடிக் கத்தரியைக் கொடுத்தேன். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்பக்கம் சுற்றியிருந்த துணி கறுத்துக் கெட்டியாகியிருந்தது. "இது என் பாவாடைத் துணிடே. வெரலு புண்ணாகுன்னு நாந்தான் சுத்திக் குடுத்தேன். எனக்கு அப்போ ஏழு வயசு" என்றாள். அதன்பின் ஒன்றரை மணி நேரம் நான் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. இதே தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில், 1876-இல் யாகோரும் பிறகு அலெக்சாண்டர் ரீயும் என்ற ஆய்வாளர்கள் தோண்டியபோது, இறந்தவர்களைப் புதைத்த தாழிகளோடு மண்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. ஒருவர் கைபட்ட பொருளை அவரோடு சேர்த்தே நினைப்பது இந்த மண்ணில் அவ்வளவு பழையது. அதனால் பழைய சாமான்களை எடைக்குப் போடும் முன்னால், வீட்டில் மூத்தவரிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள்.

அக்கா தங்கைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டு நிறையச் சொல்வார்கள். மருமகள்களை மட்டும் தனியாகக் கேளுங்கள். மாமியாரைப் பற்றி நாத்தனார் முன்னால் யாரும் உண்மையைச் சொல்ல முடியாது. அப்படித் தனியாகச் சொன்னதைச் சொன்னவர் சம்மதம் இல்லாமல் வெளியே எடுக்கவும் கூடாது.

அழுவார்கள். அழட்டும். "அழாதீங்க" என்று சொல்லவேண்டாம், பேச்சையும் மாற்றவேண்டாம். பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். அவர்களாகத் தொடர்ந்தால் தொடருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் போங்கள்.

சமைத்துக்கொண்டே கேட்பது

இது தனியாகச் சொல்லவேண்டிய வழி. போனவர் நன்றாகச் செய்த ஒரு பதார்த்தத்தை, அதைக் கூடநின்று பார்த்தவரோடு சேர்ந்து செய்யுங்கள். எங்கள் வீட்டில் உளுந்தஞ்சோறு. அம்மாவும் அத்தையும் நானும் அடுப்படியில் நின்றோம். கறுப்புத் தொலி உளுந்தை வறுக்கும்போது அத்தை சட்டென்று கையமர்த்தினாள். "பேசாத. ஆச்சி சத்தம் கேட்டுத்தான் எறக்குவா" என்றாள். உளுந்து வெடிக்கிற சத்தம் குறைந்து ஒரு மாதிரி உதிர் ஒலி வந்ததும் இறக்கினாள். பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் என்று எழுதிய எந்தக் குறிப்பிலும் இந்தச் சத்தம் இருக்காது.

அளவை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். உழக்கு என்றால் உழக்கு. நாலு உழக்கு ஒரு படி, ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. கிராமாக மாற்றி எழுதுவது பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் அந்த வீட்டு உழக்கிலேயே அளந்து பாருங்கள், ஒவ்வொரு வீட்டு உழக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சொதிக்கும் இதே கதைதான். எத்தனையாவது தேங்காய்ப் பாலை எப்போது ஊற்றினாள் என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு.

அன்றைக்குத்தான் மூடிச் சோற்றைப் பற்றிக் கேட்டேன். அம்மா சொன்னது: பாபநாசத்துக்கு நடந்து போகிறவர்களும் வண்டிக்காரர்களும் வழியில் பசியோடு வருவார்கள், அவர்களுக்கு. அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இல்ல மதினி. அது கொழும்புத் தாத்தாவுக்கு." என் தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணனோடு ஏதோ மனஸ்தாபம். கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய அம்மா, அதாவது என் பூட்டியாச்சி, தினமும் சின்ன மகனுக்கு ஒரு மூடிச் சோறு எடுத்து வைத்தாள். அவள் சாகும்போது மருமகள் கையில் மூடியைக் கொடுத்தாளாம். மருமகள்தான் எங்கள் ஆச்சி. முகம் சரியாக ஞாபகமில்லாத கொழுந்தனுக்கு அவள் கடைசிவரை சோறு வைத்திருக்கிறாள்.

எது உண்மை? இரண்டையும் எழுதினேன். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று பக்கத்திலேயே குறித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை வைக்க நமக்கு உரிமை கிடையாது.

குரலைப் பதிவது

கையில் இருக்கும் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுகிறவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். ஃபேன் காற்று நேராக அடிக்கக்கூடாது. ஒரு நிமிஷம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பதிகிறோம் என்று சொல்லிவிட்டே பதியுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், யாரைப் பற்றி என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஃபைலுக்கும் அதே விவரத்தைப் பெயராக வையுங்கள்.

அன்றைக்கு ராத்திரியே இன்னும் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்: ஒன்று பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ, இன்னொன்று கூகுள் டிரைவ் மாதிரி வெளியே. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நான் விட்டேன். அப்பாவிடம் அவர் சிறுபிள்ளைக் காலத்தைப் பற்றி இரண்டு நாள் பேசிப் பதிந்தது ஒரே போனில் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துத் தந்துவிட்டார்கள். நகல் எடுக்காதது என் தவறு. அப்பாவின் குரல் இப்போது என்னிடம் நாற்பது விநாடி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "ஏய்யா, வரும்போது ரெண்டு நாட்டு வாழக்கா வாங்கிட்டு வா. பெருசா வேண்டாம். அம்மா கேக்கா." பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. உங்கள் போனில் இப்படி ஒன்று கிடந்தால், இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சேமித்துவிட்டு வாருங்கள்.

பழைய கேசட்டுகளையும் கல்யாண வீடியோ கேசட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள், மாற்றித் தருகிற ஸ்டுடியோக்கள் இன்னும் இருக்கின்றன. இதில் ஒரு வழி சொல்கிறேன்: உங்கள் வீட்டு வீடியோவில் இல்லாதவர் ஒன்றுவிட்ட சொந்தத்தின் கல்யாண வீடியோவில் இருப்பார். பந்தியை எடுக்கும் இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கள் தாத்தா அசைவதை நான் பார்த்தது அப்படித்தான். மூன்றாவது இலையில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனின் இலையில் தன் வடையை எடுத்து வைக்கிறார்.

காலத்தைக் கண்டுபிடிப்பது

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். "வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள். ஆற்றங்கரை ஊர்களில் 1992 நவம்பர் வெள்ளம் எல்லோருக்கும் ஒரு மைல்கல். அதுபோல எம்.ஜி.ஆர். இறந்தது (1987 டிசம்பர்), இந்திரா காந்தி சுடப்பட்டது (1984 அக்டோபர்), காமராஜர் மறைந்தது (1975 அக்டோபர் 2), தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர்), அணா போய் நயா பைசா வந்தது (1957 ஏப்ரல்). கடற்கரைக்காரர்களுக்குச் சுனாமி (2004 டிசம்பர் 26). கொழும்புத் தாத்தா போனது "காந்திய சுட்டதுக்கு அடுத்த ஆடி" என்று அத்தை கேட்டு வைத்திருந்தாள். அப்படியானால் 1948.

காகிதங்களும் பேசும். முகவரியில் பின்கோடு இல்லாத கார்டு பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முந்தியது, அந்த மாதம்தான் பின்கோடு வந்தது. "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" என்று இருந்தால் 1986-க்கும் 1997-க்கும் இடையில். தூத்துக்குடிப் பக்கம் அதே காலத்தில் "சிதம்பரனார் மாவட்டம்".

பழைய சாதகக் குறிப்பிலும் பத்திரத்திலும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். நெல்லையிலும் குமரியிலும் அது வெகுகாலம் புழங்கியது. ஆங்கில வருஷம் தெரிய, மாதம் ஆவணி முதல் மார்கழிக்குள் என்றால் 824-ஐக் கூட்டுங்கள், தை முதல் ஆடி வரை என்றால் 825. ஆச்சியின் பனையோலைப் பெட்டியில் கிடைத்த ஒரு குறிப்பில் "கொல்லம் 1105 ஐப்பசி" என்று இருந்தது, அதாவது 1929. பக்கத்தில் "சுக்ல வருஷம்" என்றும் இருந்ததால் சரிபார்க்க முடிந்தது. தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் எச்சரிக்கை வேண்டும், அது அறுபது வருஷத்துக்கு ஒருதடவை திரும்பி வரும். 1929-உம் சுக்லதான், 1989-உம் சுக்லதான். அந்தக் குறிப்பு கொழும்புத் தாத்தாவுடையது. பத்தொன்பது நிறையாத வயதில் வீட்டைவிட்டுப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாவுச் செய்தி வந்த கார்டைத் தேடி ஏமாறாதீர்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதை வீட்டில் வைக்கும் வழக்கம் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பாளையங்கோட்டை, முதலூர், நாசரேத், இடையன்குடி போன்ற பழைய சபைகளில் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆயரிடம் முறையாகக் கேட்டால் பார்க்கலாம்.

போட்டோக்கள்

ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் போனில் படம் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயன்றால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடேயே, பளபளப்பு விழாத கோணம் பார்த்து எடுங்கள். படத்தின் பின்னால் யார் யார் என்று எழுத மென்மையான பென்சில்தான் நல்லது, பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விழும். சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் தெளிவு குறைந்துவிடும்.

2023 டிசம்பர் மழையில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எத்தனை வீட்டு ஆல்பங்கள் சேறாகிப்போயின என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். படம் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். ஒட்டிக்கொண்டபடி காயவும் விடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, பதமாகப் பிரித்து, படம் மேலே பார்க்க, நிழலில் பருத்தித் துணியில் பரப்புங்கள். இருக்கிற போட்டோக்களை ஒரு பாலிதீன் உறையில் போட்டு மச்சில் ஏற்றி வைப்பது ஐந்து நிமிஷ வேலை.

எல்லோரும் கூடும் நாளில்

சேர்த்ததைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு நாம் சேர்க்கவில்லை. நாள் தேடவேண்டியதும் இல்லை. பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீட்டில் கூடுகிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையைக் கழுவிப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறோம். மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளில் போனவர்களுக்காகக் கத்தம் ஓதும் அன்று சொந்தம் எல்லாம் வீட்டில் இருக்கும். இலை போடுவதற்கு முன்னாலோ சாப்பிட்டு முடித்த பிறகோ, ஒருவர் ஒரு காட்சி சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர்கள் பிறப்பு, வளர்ப்பு, சாவு என்று ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். மூன்று நிமிஷம் போதும். சின்னப் பிள்ளைகளை நடுவில் உட்கார வையுங்கள், அவர்கள் கேட்கிற கேள்வியை நாம் கேட்கமாட்டோம்.

சொத்துப் பேச்சு அன்றைக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடி, கடன், தானே தேடிக்கொண்ட சாவு – இப்படி ஆறாத விஷயங்கள் இருக்கும். நெருங்கிய ஆள் உயிரோடு இருந்தால் அவர் விருப்பம்தான் முடிவு. ஆனால் அப்படிப் போனவரைப் பற்றி ஒன்றுமே பேசாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் உறவில் ஒரு அண்ணன் இருபத்துமூன்று வயதில் போனான். அவன் சாவைப் பேச முடியாமல் அவன் பெயரையே நிறுத்திவிட்டார்கள். போன வருஷம் அவனுக்கு சைக்கிள் ரிப்பேர் நன்றாக வரும் என்பதை மட்டும் சொன்னேன். அவன் அம்மா எழுந்து உள்ளே போய், அவன் வைத்திருந்த ஸ்பேனரை எடுத்துவந்து காட்டினாள்.

பெயர் தொலைந்தவர்கள்

தேடத் தேட ஒன்று தெரியவரும்: ஆண்களுக்குப் பத்திரமும் வரி ரசீதும் இருக்கும், பெண்களுக்குப் பெயரே இருக்காது. வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். ஆழ்வார்குறிச்சியாள், அம்பாசமுத்திரத்தாள் என்று. இரண்டு தலைமுறையில் ஊர் நின்றுவிடும், பெயர் போய்விடும். சின்ன வயதில் இறந்த பெண் பிள்ளைக்கு ஓலைப் பெட்டியில் சேலை வைத்து வீட்டுக் கன்னியாகக் கும்பிடுகிற வீடுகளிலும், பலருக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது. கேளுங்கள். பேத்திக்கு அதே பெயர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாத்திரத்தின் விளிம்பில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள், சீதனப் பாத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

மூடிச் சோறு எடுத்து வைக்கத் தொடங்கிய என் பூட்டியாச்சியைக் கடையத்தாள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். போட்டோ கிடையாது. பித்தளை மூடியைத் திருப்பிப் பார்த்தேன், எழுத்து இல்லை. கடையத்தில் அவள் பிறந்த வீடு இடிந்து யாரோ கடை கட்டியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் அந்தச் சின்ன ஆச்சிதான் வழி சொன்னாள்: "அவிய வீட்டுச் சாஸ்தாவப் புடி." பங்குனி உத்திரத்துக்கு நெல்லைச் சீமையில் எங்கே சிதறிக் கிடந்தாலும் அவரவர் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். கடையத்தாள் பிறந்த வீட்டார் கும்பிடும் சாஸ்தா எது என்று தை மாதம் தெரிந்தது. போன பங்குனிக்குப் போனேன். வேப்பமரத்தடியில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த நாலு குடும்பத்தில் மூன்று குடும்பத்துக்கு எதுவும் தெரியவில்லை. நாலாவதில் ஒரு பெரியவர், "எங்க ஐயா கூடப் பொறந்தவள ஆத்துக்கு மேக்க குடுத்திருந்து. பேரு எங்க அக்காளுக்குத்தான் தெரியும். முட்டு ஆபரேஷன், இந்த வருஷம் வரல" என்றார்.

அந்த அக்காளுக்கு இப்போது நடக்க முடிகிறதாம். நோட்டில் ஆச்சிக்கு அடுத்த பக்கத்தில் மேலே ஒரு வரி விட்டு, கீழே "கடையத்தாள், கொழும்புத் தாத்தாவின் அம்மா" என்று எழுதி வைத்திருக்கிறேன். பங்குனி வரை காத்திருக்கப்போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக் காபிக்குப் பிறகு, மூடியையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.